பெயர் போடாத சீட்டு

மைக்செட்காரரைப் பற்றிச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தில் பட்டமளிப்பு, கருத்தரங்கு, வரவேற்பு, இரங்கல் என்று எந்தக் கூட்டம் நடந்தாலும், கடைசி வரிசைக்குப் பின்னால், இடுப்பளவு பலகைத் தடுப்புக்குள் ஒரு மேசை இருக்கும். மேசை முழுக்கப் பொத்தான்கள், சின்னச் சின்ன விளக்குகள். அதன் முன்னால் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான். மேடையில் பேசுகிறவர் குரல் அறுநூறு பேருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சேராவிட்டால்தான் கழுத்தைத் திருப்புவார்கள். யாரும் திரும்பாத நாள் அவருக்கு நல்ல நாள்.

அந்த மண்டபத்தைப் பெருக்கித் துடைக்கிறவள் நான். பதினெட்டு வருஷமாகிறது. அவர் எனக்கு முன்னாலேயே வந்தவர். ஆனாலும் வயதில் நான் மூத்தவள் என்பதால் எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. எழுதப் படிக்க எனக்கு வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். "இந்த இடத்தை விட்டுடலாமா?" என்று நடுவில் நடுவில் கேட்கிறாள். ஒன்றையும் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் சின்ன வயதில் படிப்பு ஏறாமல் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் சேர்ந்தாராம். சைக்கிளில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு போய்க் கம்பத்தில் ஏற்றுவது, கட்டிய இடத்துக்குக் கீழேயே நாள் முழுக்கக் காவல் இருப்பது. தலைக்கு மேலே ஒரு முழத்தில் அது கத்திக்கொண்டிருக்கும். அப்படியே பத்து வருஷம். பிறகு பல்கலைக்கழகத்தில் தினக்கூலி, அப்புறம் நிரந்தரம். நிரந்தரமான அன்றைக்குத்தான் அந்த மேசையைத் தனக்கு என்று கொடுத்தார்கள் என்று சொல்வார். அதற்கு முந்தைய வருஷங்களை அவர் வேலையாகவே கணக்கில் சேர்க்க மாட்டார்.

ஆள் எப்படி என்றால், ஒயரை மதிக்கிற ஆள். கூட்டம் முடிந்ததும் ஒயரை முழங்கையில் சரசரவென்று சுற்ற மாட்டார். ஒரு வளையம் உள்ளே, ஒரு வளையம் வெளியே என்று மாற்றி மாற்றிச் சுற்றுவார். கேட்டால், "ஒயருக்கும் முதுகு வலிக்கும்கா" என்பார். மைக்கில் யாராவது ஊதினால் அவர் முகம் சுருங்கிவிடும். தட்டினாலும் பிடிக்காது. சோதனை பார்க்கும்போது "ஹலோ ஹலோ" சொல்ல மாட்டார். ஏழிலிருந்து ஆரம்பிப்பார். ஏழு, எட்டு, ஒன்பது.

"ஏன் தம்பி ஏழு?" என்று கேட்டேன்.

"ஒன்னு ரெண்டுன்னு சொன்னா யாரு கவனிக்கிறா? ஏழுன்னா, ஆறு வரைக்கும் எங்க போச்சுன்னு ஒரு தடவையாவது காதைக் குடுப்பாங்க."

பேராசிரியர்கள் என்ன பாடம் நடத்துகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தள்ளி நிற்கிறவர், கத்துகிறவர், தலையை ஆட்டுகிறவர், மைக்கைக் கடிக்கிறவர் என்றுதான் தெரியும். யாருக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று பொத்தான்களுக்குப் பக்கத்தில் கலர் டேப் ஒட்டி வைத்திருந்தார். துணைவேந்தருக்குச் சிவப்பு.

"ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரே, அதனாலயா சிவப்பு?" என்று தோட்டக்காரர் கேட்டார்.

"வெளியில போய்ச் சொல்லித் தொலைச்சிடாத. எனக்கு இந்த மேசை வேணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெறும் வரைக்கும் அந்த மேசை வேண்டும், அந்த நாற்காலியிலிருந்து எழுந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். மனைவி தையல் வேலை செய்கிறவர். ஒரே மகள் வேறு ஊரில் நர்ஸாக இருந்தாள். வீட்டில் அவருக்குத் தனியாகக் குறை ஒன்றும் கிடையாது.

அவர் மறைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியவந்தது இப்படி. ஒரு கருத்தரங்கில் யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று துடைக்கப் போனேன். மைக் கூவ ஆரம்பித்தது. முதலில் கொசு மாதிரி, பிறகு ஊசி மாதிரி. முன் வரிசையில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு மேடையைப் பார்த்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்தார். என் முகத்திலிருந்து எதையோ கண்டுபிடித்தவர் போலச் சட்டென்று ஒரு பொத்தானைக் கீழே இழுத்தார். கூவல் நின்றது.

ஆட்கள் எல்லாம் போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

"எந்தச் சத்தம்?"

"என்கிட்ட விளையாடாதீங்க."

ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். முழுக்கச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். "பேச்சு கேக்குதுக்கா. கனமான சத்தமெல்லாம் கேக்குது. மேல போற மெல்லிசுச் சத்தம்தான் போயிடுச்சு. இடது பக்கம் சுத்தமா இல்ல. வலது பக்கம் இருக்குற மாதிரி இருக்கும், தேடினா இருக்காது." அடுத்த ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாருகிட்டயாவது சொல்லிடுவீங்களா?" என்றார்.

"நான் யாருகிட்ட சொல்லப்போறேன்? என்கிட்ட யாரு நின்னு பேசுறா?" என்றேன்.

அன்றிலிருந்து நான் அவருக்குக் காது. கூட்டம் நடக்கும்போது பக்கவாட்டுக் கதவருகே நான் நின்றாக வேண்டும். தண்ணீர் கொட்டினாலும், குழந்தை வாந்தி எடுத்தாலும் உடனே ஓட வேண்டுமே. அந்த இடத்திலிருந்து அவர் மேசை நேராகத் தெரியும். மாப் கட்டையை நேராகப் பிடித்திருந்தால் எல்லாம் சரி. சுவரில் சாய்த்தால் கூவல் ஆரம்பிக்கிறது, இறக்கு. துடைக்கும் துணியைத் தோளில் போட்டால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை, ஏற்று. தலைகீழாகப் பிடித்தால் மேடையில் ஏதோ ஒயர் கழன்றுவிட்டது, ஓடு. நான் மாப் கட்டையோடு நிற்பதை யாரும் வித்தியாசமாகப் பார்த்ததில்லை. மாப்பும் நானும் ஒன்றாகத்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிவோம். ஆறு வருஷம் இப்படி ஓடியது. ஒரு கூட்டம்கூடக் கெடவில்லை.

சில நாள் நான் கிண்டல் செய்வேன். "இன்னைக்கு ஒரு மணி நேரம் கட்டையை அசைக்காம நின்னேன். கை மரத்துப்போச்சு. எனக்கும் ஒரு டேப் ஒட்டி வைங்க."

"உங்களுக்கு எந்தக் கலருக்கா? நீங்க பேசினா மைக்கே வேணாமே."

பிறகு அந்தப் பயிற்சி வந்தது. பன்முகத்தன்மை, உள்ளடக்கம் என்று அதற்குப் பெயர். பேராசிரியர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும். கதவருகே நின்று நானும் கேட்டிருக்கிறேன். யாரையும் ஒதுக்கக் கூடாது, யார் எப்படி இருந்தாலும் அவர்களுக்கு இங்கே இடம் இருக்க வேண்டும் என்று பேசுவார்கள். நல்ல பேச்சுதான், நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எழுந்து போன பிறகு நாற்காலிகளை நேராகப் போடுவேன். அந்த வருஷம் துப்புரவு, தோட்டம், காவல் எல்லோரும் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று புதிதாக உத்தரவு போட்டார்கள். சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"உள்ளடக்கம்னா என்ன சார், நம்மள உள்ள அடக்கி வைக்கிறதா?" என்றார் தோட்டக்காரர்.

"முதல்ல உன் வாயை அடக்கணும். வராதவங்களுக்கு ஆப்சென்ட், அவ்வளவுதான்."

மைக்செட்காரர் அன்று மதியமே என்னைத் தேடி வந்துவிட்டார். "அக்கா, நீங்க போய் உக்காந்துட்டா எனக்கு யாரு? அந்தப் பயிற்சி நடத்துற அம்மா காலர் மைக் போட்டுக்கிட்டு மண்டபம் பூரா நடப்பாங்களாம். ஸ்பீக்கர் முன்னாடி போனாலே கூவும்."

நான் சூப்பர்வைசரிடம் போய், எனக்கு உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், கதவருகே நின்றுகொள்கிறேன் என்றேன்.

"நிக்கக் கூடாதும்மா. யாரும் ஓரமா நிக்கக் கூடாதுங்கறதுதானே பயிற்சியே" என்றார்.

சரி, கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை வைத்துச் சைகை காட்டுவது என்று நாங்கள் பேசி வைத்தோம். அன்றைக்குப் போய்ப் பார்த்தால் வரிசையே இல்லை. நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டு வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பேராசிரியர், ஒரு கிளார்க், எங்களில் ஒருவர் என்று கலந்து உட்கார வேண்டும். எனக்குக் கிடைத்தது மேடைக்கு நேர் கீழே. முதுகு அவர் பக்கம். நான் நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்தேன். பயிற்சியம்மா வந்து என் தோளில் கை வைத்தார். நல்ல மனுஷி, மென்மையான குரல்.

"அம்மா, இன்னைக்கு நீங்க பின்னாடி பாக்க வேணாம். உங்க இடம் இங்க முன்னாடிதான்."

எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். நான் முன்னால் பார்த்து உட்கார்ந்தேன். காலையில் இரண்டு முறை கூவியது. இரண்டு முறையும் கொஞ்சம் தாமதமாக நின்றது. யார் முகத்தையோ பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்.

டீ குடித்து வந்த பிறகு ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்தார்கள். வேலை செய்யும் இடத்தில் மற்றவர்களுக்குத் தெரியாமல் நீங்கள் மறைத்துச் சுமக்கிற ஒன்றை எழுதுங்கள், பெயர் போட வேண்டாம், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டோம் என்று பயிற்சியம்மா சொன்னார். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம், அவர் யாரிடமும் பேசக் கூடாது. என் மேசையில் இருந்த கிளார்க்கம்மா பேனாவைத் திறந்துகொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"ஒன்னும் இல்லைன்னு எழுதிடவா?"

அங்கேயே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படி வராது. ஒருவர் மெனக்கெட்டு ஒன்றைக் கேட்கும்போது இல்லை என்று பொய் சொல்வானேன் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தேன். எனக்குப் படிப்பில்லை என்பது ஊருக்கே தெரியும். இடுப்பு வலி சூப்பர்வைசருக்குத் தெரியும். நான் மறைத்து வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன். நான் ஒருத்தருக்குக் காதாக இருக்கிறேன், கூட்டம் நடக்கும்போது மாப் கட்டையை வைத்துச் சைகை காட்டுகிறேன், ஆறு வருஷமாக அவர் வேலை கெடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று.

பேத்தி இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். என்னத்தைச் சொல்ல? நான் அறிந்த வரைக்கும் ஒரு தாளில் ஆளைப் பிடிப்பது பெயர்தான். பெயர் இருந்தால் நான் கைநாட்டு வைப்பேன், இல்லாவிட்டால் அது யாரையும் ஒன்றும் செய்யாது. என் பெயரும் போடவில்லை, அவர் பெயரும் போடவில்லை. மண்டபத்தில் மாப் பிடிக்கிறவள் ஒருத்திதான், கேட்டு வேலை செய்கிறவரும் ஒருவர்தான் என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவில்லை. இன்னொன்றும் உண்டு. அதையும் எழுது. ஆறு வருஷம் செய்த ஒரு வேலையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல ஆசையாக இருந்தது.

சீட்டுகளைப் பெட்டியில் போட்டுக் குலுக்கினார்கள். பயிற்சியம்மா ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். ஒருவருக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியுமாம். ஒருவர் மதியம் தனியாகத்தான் சாப்பிடுவாராம். ஏழாவதோ எட்டாவதோ என்னுடையது. கிளார்க்கம்மா நல்ல தமிழில் எழுதியிருந்தார், பயிற்சியம்மா அதைவிட நன்றாக வாசித்தார். 'காது' என்ற சொல் வந்ததும் என் மேசையில் இருந்த பேராசிரியர் என்னைப் பார்த்தார். 'மாப் கட்டை' என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசித்து முடித்ததும் மொத்த மண்டபமும் கழுத்தைத் திருப்பிக் கடைசியில் இருந்த மேசையைப் பார்த்தது.

அப்போது நானும் திரும்பினேன். பயிற்சியம்மா தாழ்ந்த குரலில் வாசித்திருந்தார். அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் திரும்பினால் அவருக்கு ஒரே அர்த்தம்தான், சத்தம் போதவில்லை. கையைத் தூக்கி, இதோ, இதோ என்று எல்லோருக்கும் காட்டிவிட்டுப் பொத்தானை மேலே தள்ளினார். பயிற்சியம்மா ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மைக் கூவியது. நான் கேட்ட கூவல்களிலேயே அதுதான் பெரியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். காதில் கை வைத்து உற்றுக் கேட்கிறார்கள் என்று நினைத்திருப்பார், எங்களைப் பார்த்துத் தலையசைத்து, இப்போது சரியா என்று கையால் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். யாரோ ஓடிப்போய்ப் பொத்தானை இறக்கினார்கள். பயிற்சியம்மாவின் கண் கலங்கியிருந்தது. எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார். எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டல் கனமான சத்தம், அது அவருக்குக் கேட்கும். எதற்கு என்று தெரியாமல் ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"என்னக்கா?" என்றார் மெதுவாக.

"நம்மளப் பத்தி."

"நம்மளப் பத்தி யாரு சொன்னா?"

பயிற்சியம்மாவின் ஒரு கையில் அந்த மஞ்சள் சீட்டு இருந்தது. தம்பி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை. போட்டோ எடுத்தார்கள். உனக்கு அப்போது என்ன தோன்றியது என்று பேத்தி கேட்கிறாள். ஒன்றும் தோன்றவில்லை. பயிற்சியம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், மோதிரம் விரலில் அழுத்தியது. அது ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் அவரைக் காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்கடுத்த வாரம் கடிதம் வந்தது. அவருடைய நிலைக்கு ஏற்ற, சிரமமில்லாத பணி வழங்கப்படுகிறது. நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாவி அறை. சம்பளம் குறையாது, பதவி குறையாது, காதுக் கருவி இலவசம். மேசைக்கு வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தை வைத்தார்கள். அவர்கள் ஆள் ஒரு டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்தில் எங்கே வேண்டுமானாலும் நிற்பார். பலகைத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. வேலையின் நடுவில் எழுந்து வந்திருக்கிறார்.

"உங்களைத் திட்டணும்னுதான்கா வந்தேன். தெரு முனை வரைக்கும் நல்லாத் திட்டிக்கிட்டே வந்தேன். இப்ப வரமாட்டேங்குது."

"திட்டும்மா. கேட்டுக்கறேன்."

"அவருக்குக் காது கேக்காதுன்னு எனக்கு இப்பதான் தெரியும், தெரியுமா? இருபத்தஞ்சு வருஷமா நான் சொல்றது ஒன்னும் அவர் காதுல விழுந்ததில்ல. எல்லாப் புருஷனுங்களும் இப்படித்தான்னு விட்டுட்டேன்." சிரிக்கப் பார்த்தார். "இப்பல்லாம் வீட்டுக்கு வந்தா டிவியைப் போடறதில்ல. சும்மா அது முன்னாடி உக்காந்திருக்காரு. ஏதாவது பேசுங்கன்னா, 'நீ சொல்லு'ங்கறாரு. என்னத்தைச் சொல்ல?"

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தார். போகும்போது, "நீங்க போய்க் கேட்டுப் பாருங்களேன்கா. உங்க பேச்சைத்தான் அங்க நம்புறாங்க" என்றார்.

போனேன். உள்ளடக்கக் குழு என்று இரண்டாவது மாடியில் ஓர் அறை. தலைவியம்மா எழுந்து வந்து என்னை உட்கார வைத்தார். சுவரில் எங்கள் இருவர் போட்டோவும் பெரிதாக ஒட்டியிருந்தது.

"அம்மா, அவரு ஆறு வருஷத்துல ஒரு கூட்டத்தைக்கூடக் கெடுத்ததில்ல" என்றேன்.

"தெரியும்மா. எவ்வளவு சிரமப்பட்டிருப்பாருன்னு நினைச்சாலே கஷ்டமா இருக்கு. இனிமே அந்தச் சிரமம் வேணாம்னுதான்."

"சிரமம்னு அவரு சொன்னாரா?"

"நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க."

அந்த அறையில் ஜன்னல் சுத்தமாக இருந்தது. யார் துடைக்கிறார்கள் என்று யோசித்தேன்.

"அவரை மறுபடி அங்க உக்கார வைங்க. நான் கதவுகிட்ட நின்னுக்கறேன். எப்பவும் போல" என்றேன்.

"அது சரியா வராதும்மா. உங்களை அப்படிப் பயன்படுத்தக் கூடாது, அது உங்க வேலையில இல்ல." என்னையும் காப்பாற்றுகிறார். அப்புறம், எனக்கு ஒப்புதல் இல்லை என்றால் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், முப்பது நாளுக்குள் குழு முடிவு சொல்லும் என்றார்.

நான் விடவில்லை. அதே கிளார்க்கம்மாவைப் பிடித்து எழுதச் சொன்னேன். அவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும், இரண்டு பக்கம் எழுதினார். கைநாட்டு வைத்துக் கொடுத்தேன். தம்பியிடம் கேட்கவில்லை. காரியம் முடிந்தால் சந்தோஷப்படுவார், முடியாவிட்டால் தெரியாமலே போகட்டும் என்று நினைத்தேன்.

இருபது நாளில் பதில் வந்தது, அவருக்கே வந்தது. ஆட்சேபத்தைக் குழு ஏற்றுக்கொண்டது. காதுக் கருவியுடன் அவர் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்று பார்க்க, பெரிய மண்டபத்தில், குழுவினர் முன்னிலையில், காது நிபுணரை வைத்து ஒரு சோதனை. தேறினால் மேசை அவருக்கே. கிளார்க்கம்மா ஓடி வந்து எனக்குச் சொன்னார். நான் மாப்பை வாளியில் போட்டுவிட்டுச் சாவி அறைக்குப் போனேன்.

கீழ்த்தளம், ஜன்னல் கிடையாது. கம்பி வைத்த கவுன்டர். சுவர் நிறைய ஆணிகள், ஆணிக்கு ஒரு சாவிக்கொத்து. யாராவது வந்து அறை எண் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிட்டு ஏட்டில் எழுத வேண்டும். பயிற்சி நடந்த நாளுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. அவர் காதில் கருவி இல்லை.

"மிஷின் எங்க தம்பி?"

மேசை இழுப்பறையைக் காட்டினார். "அதை மாட்டினா போன சத்தமெல்லாம் திரும்ப வருதுக்கா. ஆனா இங்க என்ன சத்தம் இருக்கு? சாவிச் சத்தம். ஒரு கொத்தை எடுத்தா அத்தனை கொத்தும் சேந்து கத்துது. பத்து நிமிஷம் தாங்கல."

கடிதம் கவுன்டர் மேல் கிடந்தது. அதை என் பக்கம் தள்ளினார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது நினைவு வந்து மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதை நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களா?"

"ஆமா. தேறினா மேசை உங்களுக்குத்தானாம். நீங்க தேறிடுவீங்க. ஏழு, எட்டுன்னு ஆரம்பிச்சா—"

"திருப்பி வாங்கிடுங்கக்கா."

"ஏன்? பயமா?"

"அங்க உக்கார வச்சு, நாலு பேரு சுத்தி நின்னு, கேக்குதா, இது கேக்குதான்னு கேப்பாங்க. நான் கேக்குது, கேக்கலன்னு கையைத் தூக்கணும். அந்த நாற்காலியில உக்காந்து." ஏட்டை நேராக வைத்தார். "மேசை வேணும்தான். இப்படி வேணாம்."

"நான் கூட இருக்கேன் தம்பி. நான் அவங்ககிட்ட எடுத்துச் சொல்றேன்."

"என்னைப் பத்தி நீங்க சொன்னது போதும்கா."

கோபமாகச் சொல்லவில்லை. டீ போதும் என்பது மாதிரிதான் சொன்னார். அதற்குள் ஒரு பேராசிரியர் வந்து அறை எண் சொன்னார். தம்பி காதைக் கம்பிப் பக்கம் சாய்த்து, இரண்டாவது தடவை கேட்டு, சாவியை எடுத்துக் கொடுத்தார். பேராசிரியர் அவரை அடையாளம் கண்டு, "நீங்கதானே அந்தப் போட்டோல இருக்கறவரு?" என்றார். "ஆமா சார். இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்.

நான் பிடிவாதக்காரி என்று என் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பிடித்த பிடியை விட எனக்குத் தெரியாது. அன்றைக்கு இரண்டாவது மாடி ஏறும்போதுகூட, விடலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு படியிலும் நின்றேன். தலைவியம்மா காரணம் கேட்டார். காரணம் இல்லை என்றேன்.

"அவரே வந்து சொல்லலாமேம்மா?"

"அவரு என்கிட்ட சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"அதை நான் சொல்றதுக்கில்ல."

எழுத்தில் வேண்டும் என்றார்கள். கிளார்க்கம்மா எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். 'அவரது மனநிலையைக் கருதி' என்று ஆரம்பித்திருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். அவரைப் பற்றி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது என்றேன். மறுபடி எழுதி, மறுபடி வாசித்தார். என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன், அவ்வளவுதான் இருந்தது. கைநாட்டு வைத்தேன். மை துடைக்கத் துணி கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தச் சாவி அறையில் இருந்தார். வழியில் பார்த்தால், "என்னக்கா?" என்பார். "என்ன தம்பி?" என்பேன். அதோடு சரி. ஓய்வு பெற்ற அன்று சாவிகளை எல்லாம் ஆணியில் சரிபார்த்து ஒப்படைத்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாராம். வழியனுப்பு விழா வைக்கிறோம், பெரிய மண்டபத்தில் வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றிருக்கிறார். எனக்கு மறுநாள்தான் தெரியும். அன்றைக்கு மண்டபத்தில் ஏதோ கூட்டம், நான் அங்கே வேலையாக இருந்தேன்.